நியூட்ரான் விண்மீனுக்குப் பொருள் வரும் வழி: வழிதலா, காற்றா, வட்டா?

பெருநிறை விண்மீன் ஒன்றும், வெடித்த விண்மீனின் செறிந்து எஞ்சிய கருவான நியூட்ரான் விண்மீன் ஒன்றும் ஒன்றையொன்று சுற்றிவரும் இணையிலிருந்து எக்ஸ் கதிர்த் துடிப்புகள் வந்துசேரும்போது, அந்தத் தரவைப் புரிந்துகொள்ள முனைபவர் மற்ற எதற்கும் முன்பாக ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. பெருநிறை விண்மீனை விட்டுப் பிரிந்த வாயு எந்த வழியாக நியூட்ரான் விண்மீனை அடைகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குவது? நெடுங்காலமாகப் பேசப்படும் வழிகள் மூன்று. பெருநிறை விண்மீன் தன் ரோச் மடலை, அதாவது தன் ஈர்ப்பு மேலோங்கியிருக்கும் பகுதியை, நிரப்பிவிட்டு, இரு விண்மீன்களுக்கும் இடையிலுள்ள முதல் லக்ராஞ்சிப் புள்ளி வழியே வழியலாம். அது எல்லாத் திசைகளிலும் வீசும் காற்றில் ஒரு சிறு பங்கை நியூட்ரான் விண்மீன் தன் ஈர்ப்பால் பிடித்துக்கொள்ளலாம். அல்லது, மிக வேகமாகத் தற்சுழலும் பி-இ வகை விண்மீன் தன் நடுக்கோட்டைச் சுற்றிப் பரப்பி வைத்திருக்கும் வாயு வட்டிலிருந்து, அருகே வரும்போதெல்லாம் நியூட்ரான் விண்மீன் பறித்துக்கொள்ளலாம். இவற்றில் ஒன்றைத் தேர்ந்த பின்னரே கொடை விண்மீனின் (பொருளைத் தரும் பெருநிறை விண்மீனின்) பொருளிழப்பு வீதம், நியூட்ரான் விண்மீனின் காந்தப்புலம், அந்த இணையின் எஞ்சிய ஆயுள் ஆகியவற்றுக்கான எண்கள் கிடைக்கின்றன; தேர்வு தவறினால் அந்த எண்கள் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று விலகிப்போகும்.

பெரும்பாலோர் ஒளிர்வைப் பார்த்து இந்த முடிவை எடுக்கிறார்கள். மிகப் பிரகாசமாக இருந்தால் வழிதல், மங்கலாக இருந்தால் காற்று, திடீரென்று எரிந்து அடங்கினால் பி-இ வட்டு என்பது ஒரு வசதியான சுருக்குவழி. அது பல சமயம் சரியான விடையையே தருகிறது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் முடிவுக்கு அடிப்படையாக இருக்கத் தகுந்தது ஒளிர்வு அல்ல, வந்துசேரும் வாயு சுமந்துவரும் கோண உந்தமே, அதாவது அதன் சுழற்சியின் அளவே, என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைக் காட்டவே இந்த ஒப்பீடு.

ஒளிர்வு ஏன் போதாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சூரியனைப் போல 1.4 மடங்கு நிறையும் ஏறத்தாழ 10 கி.மீ. ஆரமும் கொண்ட நியூட்ரான் விண்மீனின் மீது விழும் ஒவ்வொரு கிராம் பொருளும் தன் ஓய்வு நிறை ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை வெளியிடுகிறது. ஹைட்ரஜன் ஹீலியமாக இணையும்போது கிடைப்பது 0.7 விழுக்காடு மட்டுமே. எனவே ஆண்டுக்கு 10⁻¹⁰ சூரிய நிறை அளவு வந்து விழுந்தாலே வினாடிக்கு சுமார் 10³⁶ எர்க் எக்ஸ் கதிர் ஒளிர்வு கிடைத்துவிடும். ஒளியின் அழுத்தம் ஈர்ப்பைச் சமன்செய்யும் உச்சமாகிய, ஹைட்ரஜனுக்கான எடிங்டன் எல்லையான வினாடிக்கு 1.8×10³⁸ எர்க்கை எட்ட ஆண்டுக்கு 1.5×10⁻⁸ சூரிய நிறை போதும். பொருள் எந்த வழியாக வந்தாலும் கடைசிக் கட்டம் ஒன்றேதான்: 10¹² காஸ் அளவிலான காந்தப்புலம் வாயுவைப் பிடித்துக் காந்த முனைகளுக்குச் செலுத்துகிறது, அங்கே அது பரப்பில் மோதிச் சூடேறுகிறது. ஒளிர்வு சொல்வது எவ்வளவு வந்தது என்பதை மட்டுமே. எப்படி வந்தது என்பதன் சுவடு அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர்களில் பெரும்பாலும் அழிந்துபோகிறது.

அழியாமல் எஞ்சும் சுவடு ஒன்று உண்டு. வந்த வாயு தன் கோண உந்தத்தை நியூட்ரான் விண்மீனிடம் ஒப்படைத்துவிட்டே அடங்குகிறது. ஆகவே துடிப்புக் காலம், அதாவது நியூட்ரான் விண்மீன் ஒருமுறை தற்சுழல எடுக்கும் நேரம், ஆண்டுக்கணக்கில் எப்படி மாறுகிறது என்பது, வந்த பொருளின் சுழற்சியைப் பற்றிய நேரடி வாக்குமூலமாகிறது.

ரோச் மடல் வழிதல்

கோட்பாட்டாளருக்கு மிகவும் பிடித்தமான வழி இதுதான். லக்ராஞ்சிப் புள்ளியைக் கடக்கும் வாயு, இணையின் சுற்றியக்கத்திலிருந்து பெற்ற கோண உந்தத்தை முழுமையாகக் கொண்டுவருகிறது. அந்த உந்தத்தை இழக்காமல் உள்ளே வந்தால் எந்தத் தொலைவில் அது வட்டப் பாதையில் நின்றுவிடும் என்று கணக்கிட்டால், சென்டாரஸ் எக்ஸ்-3 போன்ற இணைக்கு விடை லட்சக்கணக்கான கிலோமீட்டர். இந்தத் தொலைவை இனி நிலைகொள்ளும் ஆரம் என்று குறிப்பிடுகிறேன். நியூட்ரான் விண்மீனின் காந்தமண்டலம், அதாவது அதன் காந்தப்புலம் வாயுவின் போக்கை ஆளும் பகுதி, பரவியிருப்பதோ சில ஆயிரம் கிலோமீட்டருக்குத்தான். இடையில் நியூட்ரான் விண்மீனைச் சுற்றி வட்டு உருவாவதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. 1973இல் ஷகூராவும் சுன்யாயேவும் தந்த மெல்லிய வட்டுக் கோட்பாட்டையும், அதன் உள்விளிம்பு காந்தமண்டலத்தைத் தொடும் இடத்தில் சுழற்சியை மாற்றும் முறுக்குவிசை எவ்வளவு செயல்படும் என்பதை 1979இல் கோஷும் லாம்பும் வகுத்த கணக்கையும் அப்படியே பயன்படுத்தலாம். ஒளிர்வும் துடிப்புக் கால மாற்றமும் தெரிந்தால் காந்தப்புலத்தை மதிப்பிடலாம்.

உஹுரு செயற்கைக்கோள் 1970 டிசம்பரில் ஏவப்பட்டபின் 1971இல் கண்டறிந்த முதல் எக்ஸ் கதிர்த் துடிப்பு மூலம் சென்டாரஸ் எக்ஸ்-3. அதன் துடிப்புக் காலம் 4.8 வினாடி, சுற்றுக்காலம் 2.09 நாள், துணையாக இருப்பது சுமார் 20 சூரிய நிறையுள்ள ஓ வகை விண்மீன். நம் அண்டை விண்மீன் மண்டலமான சிறிய மெகல்லன் முகிலிலுள்ள எஸ்எம்சி எக்ஸ்-1க்குத் துடிப்பு 0.71 வினாடி, சுற்றுக்காலம் 3.89 நாள், அது கண்டறியப்பட்ட நாளிலிருந்து அதன் தற்சுழற்சி விடாமல் வேகமெடுத்துவருகிறது. பெரிய மெகல்லன் முகிலிலுள்ள எல்எம்சி எக்ஸ்-4 தன் 1.4 நாள் சுற்றுக்காலத்துக்கு மேலாக 30 நாள் அளவிலான ஒரு நீண்ட சுழற்சியையும் காட்டுகிறது. வளைந்த வட்டு ஒன்று மெல்லத் தலையாட்டி நியூட்ரான் விண்மீனை மறைத்தும் திறந்தும் விடுவதாலேயே இது நிகழ்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். குறுகிய சுற்றுக்காலம், குறுகிய துடிப்பு, உயர்ந்த ஒளிர்வு, நீண்ட மேற்சுழற்சி ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால் இந்த வழியைத் தேர்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

ஆனால் இந்த வழிக்கு ஒரு கடுமையான விலை இருக்கிறது. கொடை விண்மீன் நியூட்ரான் விண்மீனைவிடப் பத்து மடங்குக்கு மேல் கனமாக இருக்கும்போது, கனமானதிலிருந்து இலேசானதுக்குப் பொருள் போகப் போக இரண்டும் நெருங்குகின்றன. ரோச் மடல் சுருங்குகிறது. வழிதல் இன்னும் வேகமாகிறது. முழு அளவில் தொடங்கிவிட்டால் ஆண்டுக்கு 10⁻⁴ சூரிய நிறை அல்லது அதற்கும் மேலான வீதம் வந்துவிடும். இது எடிங்டன் எல்லைக்கு உரிய வீதத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு. அப்போது நியூட்ரான் விண்மீன் கொடை விண்மீனின் உறைக்குள்ளேயே புதைந்துபோகவும் கூடும். ஆகவே நிலையாகத் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெருநிறை இணையை நாம் காண்கிறோம் என்றால், அது வழிதலின் தொடக்கத்திலுள்ள குறுகிய காலத்தில் இருக்கிறது அல்லது மடலை இன்னும் முழுதாக நிரப்பவில்லை என்றே பொருள். இத்தகைய மூலங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே அறியப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். புதிதாக ஒரு மூலம் கிடைத்ததும் வழிதலையே முதல் ஊகமாக வைப்பது, அரிதான ஒன்றைப் பொதுவானதாக எடுத்துக்கொள்வதாகும்.

காற்றைப் பிடித்தல்

1939இல் ஹாய்லும் லிட்டில்டனும், பின்னர் 1944இல் பாண்டியும் ஹாய்லும் வகுத்த கணக்கு மிகவும் எளியது. நியூட்ரான் விண்மீனைக் கடந்து செல்லும் காற்றின் வேகம் எவ்வளவோ, அதன் இயக்க ஆற்றலும் ஈர்ப்பு ஆற்றலும் சமமாகும் தொலைவுக்குள் வருகிற வாயு பிடிபடுகிறது. வினாடிக்கு 1,000 கி.மீ. வேகத்துக்கு அந்தப் பிடிப்பு ஆரம் சுமார் 3.7 லட்சம் கி.மீ.; வேகம் பாதியானால் ஆரம் நான்கு மடங்காகிறது. காற்றில் எவ்வளவு பங்கு பிடிபடுகிறது என்பது, இந்த ஆரத்தை இரு விண்மீன்களுக்கும் இடையிலுள்ள தொலைவின் இரு மடங்கால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கம். அதாவது வேகத்தின் நான்காம் அடுக்கு இதற்குள் ஒளிந்திருக்கிறது.

இந்த எளிய கணக்கை வேலா எக்ஸ்-1 என்ற இணையின் மீது வைத்துப் பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் காற்றுவழித் திரட்டலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. துடிப்பு 283 வினாடி, சுற்றுக்காலம் 8.96 நாள், கொடை விண்மீன் பி0.5 வகை மீப்பெரு விண்மீன், பொருளிழப்பு ஆண்டுக்குச் சுமார் 10⁻⁶ சூரிய நிறை, சராசரி ஒளிர்வு வினாடிக்குச் சில 10³⁶ எர்க். காற்றின் வேகத்தை 1,000 கி.மீ. என்று வைத்தால் பிடிபடும் பங்கு லட்சத்தில் இரண்டு அல்லது மூன்று; அதிலிருந்து வரும் ஒளிர்வு காணப்படுவதில் பத்திலொரு பங்கைத் தாண்டாது. முரண்பாட்டைத் தீர்க்க இரண்டு வழிகள் உள்ளன. வட்டு ஒன்றைக் கற்பனை செய்து வழிதலைப் புகுத்தலாம். அல்லது நியூட்ரான் விண்மீன் இருக்கும் இடத்தில் காற்று வினாடிக்கு 500 அல்லது 600 கி.மீ. வேகத்தையே எட்டியிருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டாவதே சரியானது என்பதைப் பின்வந்த நிறமாலை ஆய்வுகள் காட்டின. தொடக்கத்தில் 1,100 கி.மீ.க்கும் மேலாக மதிப்பிடப்பட்ட இறுதி வேகம் அண்மை ஆய்வுகளில் 600 முதல் 700 கி.மீ. என்று இறங்கியிருக்கிறது. அதோடு, நியூட்ரான் விண்மீன் கொடை விண்மீனுக்கு மிக அருகில் இருப்பதால் காற்று அங்கே இறுதி வேகத்தையே இன்னும் எட்டியிருக்காது. இன்னொன்றும் உண்டு: இந்தக் காற்றை முன்தள்ளுவது கனத் தனிமங்களின் நிறமாலை வரிகள் உறிஞ்சும் புற ஊதா ஒளி, எக்ஸ் கதிர்கள் அந்தத் தனிமங்களின் எலக்ட்ரான்களை உரித்துவிட்டால் தள்ளும் விசை குறைகிறது, காற்று மெதுவாகிறது, பிடிபடும் பங்கு கூடுகிறது. திரட்டல் தன்னைத் தானே ஊட்டிக்கொள்ளும் இந்தச் சுழலைச் சேர்க்காத எந்த மாதிரியும் அரைகுறையானதே.

ஒளிர்வைப் பார்த்து மட்டும் முடிவெடுத்திருந்தால், வேலா எக்ஸ்-1இல் இல்லாத வட்டு ஒன்றை நாம் ஏற்றிருப்போம். கோண உந்தம் அதற்கு இடம் தருவதில்லை. ஒரு பக்கத்திலிருந்து வரும் காற்று மறுபக்கத்திலிருந்து வருவதைவிடச் சற்று அடர்த்தியாகவும் வேகம் குறைந்தும் இருப்பதால் மட்டுமே பிடிபட்ட வாயுவுக்கு நிகரச் சுழற்சி கிடைக்கிறது. இரு பக்கங்களும் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. வேலா எக்ஸ்-1க்கு 600 கி.மீ. வேகத்தை வைத்து நான் போட்ட தோராயக் கணக்கில் நிலைகொள்ளும் ஆரம் சில பத்து கிலோமீட்டர் மட்டுமே. காந்தமண்டலம் அதற்கு வெளியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலேயே வாயுவைப் பிடித்துவிடுகிறது. வட்டு பிறக்க இடமே இல்லை. துடிப்பு வரலாறும் இதற்கு ஒத்துப்போகிறது. 1970களிலிருந்து அளக்கப்பட்டுவரும் 283 வினாடிக் காலம் ஒரு திசையில் நகராமல், சில நாள்கள் வேகமெடுத்துச் சில நாள்கள் தளர்ந்து, ஒழுங்கற்று அலைகிறது. இன்றைக்கு ஒரு திசையிலும் நாளைக்கு எதிர்த்திசையிலும் சுழன்றுவரும் வாயுவைத் தொடர்ந்து விழுங்கும் விண்மீன் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் ஒரு கூர்மையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதுவே என் வாதத்தின் அச்சு. பிடிபட்ட வாயுவின் கோண உந்தம் பிடிப்பு ஆரத்தின் வர்க்கத்தையும், நிலைகொள்ளும் ஆரம் அந்தக் கோண உந்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. பிடிப்பு ஆரமே வேகத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், நிலைகொள்ளும் ஆரம் வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. சார்பு வேகம் பாதியானால் அது 256 மடங்கு பெருகும். சில பத்து கிலோமீட்டர் பத்தாயிரம் கிலோமீட்டராகிவிடும். வட்டு இல்லாத இடத்தில் வட்டு பிறந்துவிடும். ஆகவே காற்றுவழித் திரட்டலும் வட்டுவழித் திரட்டலும் இரண்டு தனித்தனி உலகங்கள் அல்ல. காற்றின் வேகம் சற்றே மாறினால் ஒன்று மற்றொன்றாகும் அளவுக்கு அவை அண்டையில் இருக்கின்றன.

காற்றுவழிக்குள்ளேயே இன்னொரு கிளைத் தேர்வும் உண்டு. பிடிபட்ட வாயு ஒலியைவிட வேகமாக நேரே காந்தமண்டலத்தின் மீது விழுகிறது என்பது பழைய படம். 2012இல் ஷகூராவும் உடன் ஆய்ந்தவர்களும் வேறொரு படத்தை முன்வைத்தார்கள். ஒளிர்வு வினாடிக்குச் சுமார் 4×10³⁶ எர்க்குக்குக் கீழே இருந்தால் வாயு போதிய விரைவில் குளிர்வதில்லை. அது காந்தமண்டலத்தின் மேல் ஒரு வெப்ப ஓடாகத் தங்கி, குளிர்ந்த அளவுக்கு மட்டுமே மெல்ல உள்ளே இறங்குகிறது. முறுக்குவிசையும் அந்த ஓட்டின் வழியாகவே கடத்தப்படுகிறது. நூறு வினாடிக்கு மேற்பட்ட துடிப்புக் காலமும் மிதமான ஒளிர்வும் உள்ள மூலங்களுக்கு இதையே எடுத்துக்கொள்வேன். மெதுவாகச் சுழலும் பல துடிப்பு விண்மீன்கள் நீண்ட காலம் தொடர்ந்து தளர்ந்துவருவதற்கு, நேரே விழும் படத்தைக் காட்டிலும் இது இயல்பான விளக்கம் தருகிறது. இன்டெக்ரல் செயற்கைக்கோள் 2002இல் ஏவப்பட்டபின் வெளிச்சத்துக்கு வந்த வேகச் சீற்ற மூலங்கள் சாதாரண வேளையில் 10³² எர்க் அளவுக்கும் இறங்கிச் சில மணி நேரங்களுக்கு மட்டும் 10³⁶ அல்லது அதற்கு மேல் எழுபவை. அவற்றுக்குக் காற்றிலுள்ள திரட்சிகள் மட்டுமே காரணமா, ஓடு திடீரென்று சரிவதா, காந்தமண்டலம் கதவு போல மூடித் திறப்பதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

பி-இ விண்மீனின் வட்டு

எண்ணிக்கையில் பெருநிறை எக்ஸ் கதிர் இணைகளில் முன்னிற்பது இந்த வகை. சிறிய மெகல்லன் முகிலில் அறியப்பட்டவை ஏறத்தாழ அனைத்துமே இவைதான். தேர்வு செய்வதும் இங்கே எளிது. கொடை விண்மீனின் நிறமாலையில் ஹைட்ரஜன் ஆல்ஃபா வரி உமிழ்வாகத் தெரிந்து, சுற்றுக்காலம் சில வாரங்களிலிருந்து ஓராண்டுக்குள் இருந்து, சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. அந்த வரியின் வலிமை வட்டின் பரப்பளவையும் காட்டுகிறது என்பதால் அடுத்த சீற்றத்துக்கு எரிபொருள் சேர்ந்திருக்கிறதா என்பதையும் ஓரளவு முன்கூட்டி அறியலாம்.

பி-இ வட்டின் வாயு கொடை விண்மீனைச் சுற்றிக் கெப்ளர் விதிப்படி ஓடிக்கொண்டே மிக மெதுவாக வெளியே நகர்கிறது. காற்றைப் போல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதில்லை. எனவே சார்பு வேகம் குறைவு, பிடிப்பு ஆரம் பெரிது, கோண உந்தமும் கூடுதல். எட்டாம் அடுக்கு விதி இங்கே வட்டுக்கு ஆதரவாக வேலை செய்கிறது. நியூட்ரான் விண்மீன், கொடை விண்மீனுக்கு மிக அருகில் வரும் அண்மைப்புள்ளியை அடையும் ஒவ்வொரு முறையும் நிகழும் முதல் வகைச் சீற்றங்கள் பொதுவாக 10³⁶ முதல் 10³⁷ எர்க் வரையிலும், சுற்றுப்பாதையின் எந்த இடத்திலும் தொடங்கி வாரக்கணக்கில் நீளும் இரண்டாம் வகைச் சீற்றங்கள் 10³⁸ எர்க் வரையிலும் எழுகின்றன. பெருஞ்சீற்றங்களின்போது துடிப்புக் காலம் ஒளிர்வோடு சேர்ந்து சீராகக் குறைகிறது. நியூட்ரான் விண்மீனைச் சுற்றித் தற்காலிக வட்டு ஒன்று உருவாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

4யூ 0115+63 மூலத்துக்குத் துடிப்பு 3.6 வினாடி, சுற்றுக்காலம் 24.3 நாள், ஏ0535+26 மூலத்துக்குத் துடிப்பு சுமார் 104 வினாடி, சுற்றுக்காலம் 111 நாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், சுற்றுக்காலம் நீள நீளத் துடிப்பும் நீள்வது தெரிகிறது. ஸ்விஃப்ட் ஜே0243.6+6124 மூலம் 2017-18 சீற்றத்தில் 10³⁹ எர்க்கையும் தாண்டியது. வெறும் ஒளிர்வைப் பார்த்தவர் இதை ரோச் மடல் வழிதல் என்று பதிந்திருப்பார். சுமார் 28 நாள் சுற்றுக்காலமும் பி-இ வகைத் துணையும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 10³⁹ எர்க்குக்கு மேல் எழும் துடிப்பு மூலம் ஒன்று நம் பால்வழி மண்டலத்திலேயே உண்டு என்பதை முதலில் காட்டியது இதுதான்.

மூன்றையும் ஒரே தளத்தில் வைத்தால்

வானியலாளர் கார்பெட் 1980களில் வரைந்த படத்தின் வலிமை, கோண உந்தத்தை இரண்டே எண்களுக்குள் கொண்டுவந்துவிட்டதில் இருக்கிறது. ஓர் அச்சில் சுற்றுக்காலம், மற்றொன்றில் துடிப்புக் காலம். பி-இ இணைகள் கீழிடமிருந்து மேல்வலமாக ஏறும் பட்டையில் நிற்கின்றன. காற்றுவழி மீப்பெரு விண்மீன் இணைகள் நூற்றுக்கணக்கான வினாடித் துடிப்போடு, பெரிதாக எந்தச் சாய்வும் இல்லாமல் மேற்பகுதியில் பரவியிருக்கின்றன. வழிதல் இணைகள் கீழிட மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. ஏன் இப்படி? வாயு தாராளமாகக் கோண உந்தம் கொண்டுவரும் இடத்தில், காந்தமண்டலத்தின் விளிம்பும் அங்குள்ள கெப்ளர் சுழற்சியும் ஒத்துப்போகும்வரை நியூட்ரான் விண்மீன் வேகமெடுக்கிறது; அதைத் தாண்டிச் சுழன்றால் இல்லாரியோனோவும் சுன்யாயேவும் 1975இல் விளக்கியதுபோல வாயுவை வெளியே வீசியெறிந்து மீண்டும் தளர்கிறது. கோண உந்தம் குறைவாகவும் திசை மாறியும் வரும் காற்றில் அந்தச் சமநிலைக்கு வெகு முன்பே விண்மீன் மெதுவான காலத்தில் தங்கிவிடுகிறது. சென்டாரஸ் எக்ஸ்-3இன் சுழற்சியோடு ஒத்த கெப்ளர் ஆரம் 5,000 கி.மீ.க்கு அருகில், காந்தமண்டல அளவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேலா எக்ஸ்-1க்கு அது 70,000 கி.மீ.யைத் தாண்டுகிறது. இந்த ஓர் ஒப்பீடே இரண்டின் ஊட்டமும் வேறு என்று காட்டிவிடுகிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வட்டு இருந்தால் எப்போதும் வேகமெடுப்பு மட்டுமே காணப்படும் என்று எதிர்பார்க்கக் கூடாது. காம்ப்டன் காமாக் கதிர் ஆய்வகத்தின் பேட்ஸ் கருவி 1990களில் தொடர்ந்து அளந்தபோது, சராசரியில் வேகமெடுத்துவந்த சென்டாரஸ் எக்ஸ்-3கூட சில வாரங்கள் வேகமெடுத்தும் சில வாரங்கள் தளர்ந்தும் மாறிவருவது தெரிந்தது. ஒரு மாதத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு வட்டு உண்டு, இல்லை என்று எழுதுவது ஆபத்தானது.

எல்லையில் நிற்பவை

கடினமான முடிவுகள் இங்கேதான் வருகின்றன. ஜிஎக்ஸ் 301-2 மூலத்தில் கொடை விண்மீன் பி1 வகை அதிமீப்பெரு விண்மீன், துடிப்பு சுமார் 680 வினாடி, சுற்றுக்காலம் 41.5 நாள், சுற்றுப்பாதையின் நீள்வட்டத்தன்மை 0.46. காற்றுவழி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அதன் பெருஞ்சீற்றம் அண்மைப்புள்ளியில் வருவதில்லை, அதற்குச் சுமார் 1.4 நாள் முன்னதாகவே வருகிறது. சீரான காற்றைப் பிடிக்கும் எந்தக் கணக்கும் இதைத் தராது. கொடை விண்மீனிலிருந்து நீண்டு பின்தொடரும் அடர்ந்த வாயு ஓடை ஒன்றை நியூட்ரான் விண்மீன் குறுக்கே கடக்கிறது என்ற விளக்கம் இதற்காகவே முன்வைக்கப்பட்டது. அதற்கு மேல், இதன் காற்று வினாடிக்கு 300 கி.மீ. அளவே வேகமுள்ளது. எட்டாம் அடுக்கு விதி இந்த மூலத்தை வட்டுக்கும் வட்டின்மைக்கும் நடுவிலுள்ள எல்லைக்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. பேட்ஸ் கருவியும் பிறகு ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியின் ஜிபிஎம் கருவியும் வாரக்கணக்கில் நீண்ட வேகமெடுப்புகளைப் பதிவுசெய்திருப்பது, தற்காலிக வட்டு அவ்வப்போது பிறந்து மறைவதைக் காட்டுகிறது என்றே கொள்கிறேன்.

ஓஏஓ 1657-415 இன்னும் தெளிவான பாடம். துடிப்பு சுமார் 37 வினாடி, சுற்றுக்காலம் 10.4 நாள், கார்பெட் படத்தில் காற்றுவழிக் கூட்டத்துக்கும் வழிதல் கூட்டத்துக்கும் நடுவே தனியாக நிற்கிறது. அதன் நீண்ட துடிப்பு வரலாற்றில் இரு நடத்தைகள் மாறி மாறி வருகின்றன: ஒன்றில் வேகமெடுப்பு ஒளிர்வோடு இணைந்து போகிறது; மற்றொன்றில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. முதலாவதை வட்டு நிலை என்றும் இரண்டாவதைக் காற்று நிலை என்றும் பிரித்துப் படிப்பதே சரி. ஒரே மூலத்துக்கு ஒரே மாதிரிதான் என்று பிடிவாதமாக இருந்தால், இரு நிலைகளின் சராசரியிலிருந்து எந்த நிலைக்கும் பொருந்தாத ஒரு காந்தப்புல மதிப்புதான் கிடைக்கும்.

முடிவெடுக்கும் வரிசை

என்னிடம் கேட்டால் வரிசையை இப்படி அமைப்பேன். முதலில் கொடை விண்மீனின் ஒளியியல் அல்லது அகச்சிவப்பு நிறமாலை. ஹைட்ரஜன் ஆல்ஃபா உமிழ்வுள்ள பி-இ வகை என்றால் தேர்வு அங்கேயே முடிகிறது. கணக்கைத் தற்காலிக வட்டிலிருந்து தொடங்கலாம். மீப்பெரு விண்மீன் என்றால் சுற்றுக்காலத்தையும் துடிப்புக் காலத்தையும் கார்பெட் படத்தில் வைக்க வேண்டும். சுற்றுக்காலம் நான்கு நாளுக்கும் குறைவாகவும் துடிப்பு சில வினாடிகளாகவும் இருந்தாலொழிய, காற்றுவழியையே முதல் ஊகமாக எடுத்துக்கொள்வேன். வழிதல் என்று சொல்பவரே தன் கூற்றுக்குச் சான்று தர வேண்டும். சான்று என்பது பல ஆண்டுகள் நீண்ட வேகமெடுப்பு, மேற்சுழற்சி, மடலை ஏறத்தாழ நிரப்பும் கொடை விண்மீன் ஆகியவை, உயர்ந்த ஒளிர்வு மட்டும் அல்ல.

இவை எதுவும் கைவசம் இல்லாமல் ஒரே ஒரு தரவைத் தேர்ந்துகொள்ளும் நிலை வந்தால், ஆண்டுக்கணக்கில் நீண்ட துடிப்பு வரலாற்றையே தேர்வேன். நுண்மையான எக்ஸ் கதிர் நிறமாலை ஒன்று கவர்ச்சியானதுதான். வேலா எக்ஸ்-1இல் 25 கிலோஎலக்ட்ரான்வோல்ட் அருகே தெரியும் சைக்ளோட்ரான் வரி (காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் உறிஞ்சுவதால் வரும் வரி) 10¹² காஸைப் போல இரண்டு மூன்று மடங்கான காந்தப்புலத்தை எந்த மாதிரியையும் சாராமல் தந்துவிடுகிறது. ஆனால் அது பரப்பிலுள்ள புலம். பொருள் வந்த வழியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. துடிப்பு வரலாற்றையும் அந்த வரியையும் சேர்த்து வைத்தால்தான் பலன் முழுமையாகிறது. வட்டுக் கணக்கிலிருந்து முறுக்குவிசை வழியே பெற்ற காந்தப்புலமும் சைக்ளோட்ரான் வரி தரும் காந்தப்புலமும் ஒத்துப்போனால் வட்டு என்ற தேர்வு நிலைக்கும். பத்து மடங்கு விலகினால் தேர்ந்த வழியே தவறு. ஜிபிஎம் கருவியின் துடிப்புக் கண்காணிப்புப் பதிவுகள் எல்லாருக்கும் திறந்திருப்பதால் இந்தச் சோதனைக்குப் புதிய அவதானிப்பு நேரம்கூடத் தேவைப்படாத மூலங்கள் பல உண்டு.

எல்லையில் நிற்கும் மூலங்களுக்கு மட்டும் இது போதாது. அங்கே தீர்ப்புச் சொல்லக்கூடியது நியூட்ரான் விண்மீனுக்கு அருகிலுள்ள வாயுவின் உண்மையான வேகம் ஒன்றே, ஏனெனில் அதில் 20 விழுக்காட்டுப் பிழை இருந்தாலே நிலைகொள்ளும் ஆரம் நான்கு மடங்குக்கு மேல் மாறிவிடும். புற ஊதா நிறமாலையிலிருந்து பெறும் இறுதி வேகம் விண்மீனிலிருந்து வெகுதொலைவிலுள்ள காற்றைப் பற்றியது; அதை நியூட்ரான் விண்மீனின் இடத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது. 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட எக்ஸ்ரிசம் ஆய்வகத்தின் நுண்வெப்பமானி, 6.4 கிலோஎலக்ட்ரான்வோல்ட் இரும்பு வரியைச் சுமார் 5 எலக்ட்ரான்வோல்ட் துல்லியத்தில் பிரித்துக் காட்டுகிறது. இது வினாடிக்கு 250 கி.மீ.க்கும் குறைவான வேக அகலத்துக்கு ஈடானது, வரியின் மையத்தையோ அதைவிடவும் நுட்பமாகக் குறிக்கலாம். ஜிஎக்ஸ் 301-2 போன்ற ஒன்றுக்கு அவதானிப்பு நேரம் கேட்பவர், சுற்றுப்பாதையின் ஒரே இடத்தில் நீண்ட நேரம் கேட்பதைவிட, அண்மைப்புள்ளிக்கு முன்னும் பின்னும் எதிர்ப்புறத்திலும் என்று பிரித்துக் கேட்பதே நல்லது. வட்டு எந்தப் பகுதியில் பிறக்கிறது, எந்தப் பகுதியில் காற்றே ஊட்டுகிறது என்பதை அந்த மூன்று இடங்களின் வேகங்களும் சேர்ந்துதான் பிரித்துச் சொல்லும்.